கோல்சக்கரை எடுத்த வருஷம்

கோல்சக்கர் என்ற ரவுண்டானாவை இடித்துவிட்டு அந்த இடத்தில் சிக்னல் விளக்குக் கம்பம் நடப்போகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவள் மீன் கொண்டுவரும் தெலுங்குக்காரப் பெண். எங்கள் தீவில், ஷாதிபூர் சர்க்கார் குவார்ட்டர்ஸ் லைனில் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்து, சூரையைத் துண்டு போட்டுக்கொண்டே, "லால் பத்தி வருதாம் அக்கா. சிவப்பு எரிஞ்சா எல்லாரும் நிக்கணுமாம். என் கூடையும் நிக்கணுமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் போன பிறகு மீனைக் கழுவ உட்கார்ந்தால் கை ஓடவில்லை. காக்கை ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விரட்டத் தோன்றவில்லை.

என் கணவர் பஸ் டிரைவர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இது இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

எனக்குத் தெரிந்தது கல்யாணமான முதல் வருஷத்தில். கொல்லையில் மிளகாய்ச் செடி வைத்திருந்தேன். பழுத்ததாகப் பார்த்துப் பறித்து வாருங்கள் என்று அனுப்பினால், காயும் பழமும் கலந்து ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். விளையாடுகிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ரெண்டும் காஞ்ச சருகு மாதிரிதான் தெரியுது என்றார். தொட்டுப் பார்த்து, கையில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் பழம் என்று எடுத்தாராம். ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இலைக்குச் சிவப்பு பூசியதற்காக வாத்தியாரிடம் அடி வாங்கியவர் அதன் பிறகு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மிளகாயை நானே பறித்துக்கொண்டேன்.

டிரைவர் வேலைக்கு எடுக்கும்போது கண்ணைச் சோதிக்கவில்லையா என்று கேட்கலாம். அவர் வந்த காலத்தில் தீவில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களே குறைவு. காட்டு முகாமில் லாரி கிளீனராக இருந்து, பிறகு ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுக்கப் போனபோது ஓர் அதிகாரி கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னாராம். கடலுக்குள் விடாமல் எடுத்துக் காட்டியதும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ். ஒரு கோழியைக்கூட அடித்தவர் இல்லை.

கோல்சக்கர் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொன்னது அந்த ரவுண்டானாவைத்தான். ஜெட்டியிலிருந்து மேலேறி வரும் சாலை, பஜார் சாலை, ஆஸ்பத்திரி இறக்கம், மர ஆலை இருக்கும் சாத்தத்துக்குப் போகும் சாலை, நான்கும் அங்கே சேரும். வெள்ளையடித்த கற்களை வட்டமாக நட்டு, நடுவில் குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். இடது பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழி விட வேண்டும். அதற்கு நிறம் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் மரலாரிகளுக்கு அந்த வட்டம் போதவில்லை. சாத்தம் மர ஆலைக்கு நீண்ட கட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும் லாரி திரும்பும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் அடுத்த சாலை வரைக்கும் வீசிக்கொண்டு போகும். ஒரு மழைக்காலத்தில் அப்படி வீசிய கட்டை ஒரு ஜீப்பின் கூரையைப் பிய்த்துவிட்டது, உள்ளே இருந்தவருக்குக் கை முறிந்தது. மெட்ராஸ் கப்பல் வரும் நாளில் ஜீப்பும் பஸ்ஸும் கைவண்டியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு யாரும் வெளியே வர முடியாமல் நிற்கும். எடுத்தே ஆக வேண்டும் என்று ஊரே சொன்னது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் மட்டும் அதை எடுக்காமல் விட்டுவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வந்த அன்று ஊரே திருவிழா பார்ப்பதுபோல் சாலை ஓரத்தில் கூடியது. சாயங்காலம் நாங்களும் போனோம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும், அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை விளக்கு மாறும்போதும் கூட்டம் கைதட்டியது. என் கணவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மேல எரிஞ்சா நிக்கணும். கீழ எரிஞ்சா போகணும். கலர் எதுக்கு? இதுக்கா இத்தனை நாளா தூங்காம கிடந்தே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரும் வழியில் அவருக்குப் பிடிக்கும் என்று பஜாரில் அல்வா வாங்கினோம்.

அந்த நிம்மதி அந்த வாரம்கூட நீடிக்கவில்லை. காலை முதல் டிரிப்பை முடித்துவிட்டு வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். எங்கள் ஊரில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். முதல் பஸ் ஜெட்டியை விட்டு மேலேறும்போது சூரியன் பின்னால் கடலின் மேல் நிற்கும். அந்த வெயில் நேராக விளக்குக் கண்ணாடியில் விழுந்து மூன்றும் ஒன்றாக எரிவதுபோல் பளபளக்கிறதாம். மற்றவர்களுக்கு அந்தப் பளபளப்புக்குள்ளும் நிறம் தெரிந்துவிடும். அவருக்கு மேலேயா கீழேயா என்றே தெரியவில்லை. அன்றைக்கு முன்னால் ஒரு ஜீப் இருந்ததால் அதன் பின்னாலேயே போய்விட்டார். தினமும் ஜீப்புக்கு எங்கே போவது?

அதே நேரத்தில்தான் ஆஸ்பத்திரி இறக்கத்தில் மரலாரிகளும் வரும்.

டிரிப்பை மாற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டார். ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் போகும் பஸ், பழைய ஆள்தான் எடுக்க வேண்டும், ஏன் மாற்றச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொன்னா லைசென்ஸை வாங்கி வெச்சுக்குவான். வீட்டைக் காலி பண்ணுன்னுவான். அப்புறம் மெயின்லேண்ட் கப்பல்ல ஏத்தி விடுவான். அங்க நமக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்லைன்னுதானே இங்க வந்தேன்."

நான் பிறந்ததே சாத்தத்தில். அப்பா மர ஆலையில் வேலை பார்த்தார். மெயின்லேண்ட் எனக்குப் பேச்சில் மட்டும் கேட்ட ஊர்.

மறுநாள் காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு இட்லி கட்டிக்கொண்டு, நானும் முதல் பஸ்ஸில் ஏறினேன். அம்மா போன பிறகு அப்பா சாத்தத்தில் தனியாக இருந்தார், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். விளக்குக்கிட்டே வரும்போது, மகளுக்கு நிறம் சொல்லிக் கொடுப்பதுபோல், "பாப்பா, அது என்ன கலரு?" என்று கேட்டேன். அவள் முழித்தாள். "செவப்பு" என்று நானே உரக்கச் சொன்னேன். பஸ் நின்றது. "இப்ப பச்சை" என்றேன். பஸ் நகர்ந்தது.

கொஞ்ச நாளில் மகளே சொல்லப் பழகிவிட்டாள். கேட்பதற்கு முன்னாலேயே சீட்டில் எழுந்து நின்று, செவப்பு, பச்சை என்று கூவுவாள். ஆலைக்குப் போகிறவர்களுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. வங்காளிக் கண்டக்டர் அவளைச் 'சோட்டா கண்டக்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். எல்லாரும் சிரிக்கும்போது நான் முதுகெலும்பு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அவர் கழுத்தின் பின்புறம் வேர்த்து வழிவது எனக்குத் தெரியும்.

ராத்திரி சமைத்த பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதே மறுநாள் காலை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். மகளுக்குச் சளி பிடித்தால், மழையில் பஸ் லேட் ஆனால், எனக்கே தலை சுற்றினால் என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் பார்ப்பேன். மேகம் மூடிய காலைகளில் வெயில் இருக்காது, அவருக்கு விளக்கு தெரிந்துவிடும். கரண்ட் போனால் விளக்கே எரியாது, போலீஸ்காரர் நடுவில் நின்று கை காட்டுவார். லைனில் எல்லாரும் கரண்ட் போய்விட்டதே என்று திட்டும்போது நான் மட்டும் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வருவேன்.

அப்பாவுக்குத்தான் வேறு சந்தேகம். தினமும் விடிந்ததும் விடியாததுமாக மகள் வந்து நிற்கிறாளே என்று ஒரு நாள் இட்லியைப் பிட்டபடியே கேட்டார். மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஏதும் மனஸ்தாபமா, அடிக்கிறாரா என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதையும் சேர்த்துச் சுமந்தோம்.

அது நடந்த காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் சாலை ஈரம், அதுவும் கண்ணைக் கூசியது. பஸ் நிறைய ஆட்கள். மகளுக்கு அன்று தூக்கம் தெளியவில்லை, சிணுங்கிக்கொண்டே வந்தாள். விளக்கின் முன்னால் சிவப்பில் நின்றோம். அவள் செவப்பு என்று சொல்லித்தான் நிறுத்தினார். முன்னால் வண்டி எதுவும் இல்லை. பின்னால் இருந்த ஒருவர் அவளைச் சீண்டுவதற்காக, சோட்டா கண்டக்டர் இன்னைக்குத் தூங்கிட்டாரா என்று இந்தியில் கேட்டார். நான் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தேன். திரும்பிய அந்த நேரத்தில் மகள், "பச்சை, பச்சை, போ" என்றாள்.

பஸ் நகர்ந்தது. நான் முன்னால் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

இடது பக்கம் ஆஸ்பத்திரி இறக்கத்திலிருந்து மரலாரி வந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மகள் என் மடியிலிருந்து நழுவிக் கம்பியில் மோதினாள். லாரி எங்கள் முகத்துக்கு நேரே குறுக்கே போய், பிரேக் அடித்துச் சறுக்கி, பஜார் சாலை முனையில் நின்றது. அதன் கட்டைகள் எங்கள் பஸ்ஸின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு போன சத்தம் எனக்கு இன்னும் பல்லில் இருக்கிறது. ஒரு ஹெட்லைட் உடைந்தது. முன் கண்ணாடி தப்பியது. அவர் தப்பினார்.

அவர் திரும்பி முதலில் மகளைத்தான் பார்த்தார். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, அழாமல் அவரையே பார்த்தாள்.

அதற்குள் ஆட்கள் இறங்கி லாரியைச் சூழ்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் விளக்கைப் பார்க்கவில்லை. எங்கள் டிரைவர் எத்தனை வருஷமாக ஓட்டுகிறவர், லாரிக்காரன்தான் நிற்காமல் வந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். லாரி டிரைவர் ராஞ்சிப் பக்கத்து ஆள், சின்ன வயசு. கதவைத் திறந்து இறங்கினான். எனக்குப் பச்சை இருந்தது, பச்சை இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் கையை ஓங்கினார்.

நான் மகளின் வாயை முந்தானையால் அழுத்திப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இறங்கினார். கூட்டத்துக்குள் போய், ஓங்கின கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"உஸ்கா கல்தி நஹீ, மேரா ஹை" என்றார். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. யாரும் நம்பவில்லை. அப்புறம் தமிழில், எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அந்த விளக்கு தெரியாதுப்பா. செவப்பு எது பச்சை எதுன்னு பொறந்ததுலேர்ந்து தெரியாது."

சட்டையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். கண்டக்டர் என் பக்கம் திரும்பினார், பிறகு என் மடியில் இருந்த மகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

என் கணவர் அதன் பிறகு அந்தச் சீட்டில் ஏறவில்லை. வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்துப் போகும்வரை ஓரத்தில் நின்றிருந்துவிட்டு, நேரே டிப்போவுக்கு நடந்தார்.

டிப்போ சூப்பரின்டெண்ட் மெயின்லேண்டிலிருந்து வந்த மனிதர், கண்டிப்பானவர். குடித்திருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்டாராம். நிறம் தெரியாது என்று சொன்னதும், மேஜை விரிப்பைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார். இவர் பச்சை என்று சொல்லிவிட்டார். கவர்மென்ட் ஆபீஸ் மேஜையில் எல்லாம் பச்சைத் துணிதான் விரிப்பார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லி இவருக்குத் தெரியும். சூப்பரின்டெண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று கத்தியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதியுங்கள் சாப் என்று இவரே கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் ஒரு மலையாளி அம்மாள். வண்ணப் புள்ளிகளாக இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு எட்டு பளிச்சென்று தெரிந்தது. என் கணவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி எல்லாம் பார்த்துவிட்டு, புள்ளிதான் தெரிகிறது என்றார். அடுத்த பக்கமும் புள்ளி. அதற்கு அடுத்ததும் புள்ளி. இத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே வாழ்ந்தும் அவர் பார்க்கிற உலகத்தை நான் அன்றைக்குத்தான் கொஞ்சம் பார்த்தேன். எட்டு என்று அவர் காதில் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

இது நோய் இல்லை, மருந்தும் இல்லை என்றார் டாக்டர். மகளுக்கு வருமா என்று கேட்டேன். அவளுக்கு நிறம் தெரியாமல் போகாது, ஆனால் அவளுக்குப் பையன் பிறந்தால் அவனுக்கு வரலாம் என்றார். இதைக் கேட்டபோது என் கணவர் வெளியே போய்விட்டிருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு காத்திருந்தோம். அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. ஓட்ட விடவில்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. தினமும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். லைனில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவங்க குழந்தையை வெச்சு பஸ் ஓட்டினாங்களாம் என்று ஒருத்தி குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படியில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார்.

மகள் மட்டும் மாறவில்லை. அவளை நாங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. உதட்டில் தையலோடு வீட்டுக்குள் செவப்பு, பச்சை என்று ஓடிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

ஒரு நாள் டிப்போவில் ஒரு குமாஸ்தா நல்ல யோசனை என்று நினைத்து, எதிர்க்கரையில் இருக்கும் பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் வேலைக்கு மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டாராம். படகுக்கும் ராத்திரியில் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்கு அதில் சேர்ந்துகொள்ள முடியவில்லை, சோற்றைப் போடும் சாக்கில் எழுந்துவிட்டேன்.

கடைசியில் அதே சூப்பரின்டெண்ட்தான் கூப்பிட்டுச் சொன்னார். லாரிக்காரனை அடிக்க விட்டிருந்தால் உன் டிரைவர் வேலை போயிருக்காது, நீயும் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பாய், எவனையாவது கொன்றிருப்பாய் என்றாராம். ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். டிரைவருக்கு அது இறக்கம்தான். சக்கரம் கழற்றுவதும் கிரீஸ் போடுவதும் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் வீடு தங்கியது. அப்பா விஷயம் தெரிந்து ஓடி வந்தார். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், ஆலையில் வாங்கிய மரத்தில் எங்களுக்கு ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் மற்ற டிரைவர்களும் வாய் திறந்தார்கள். காலை வெயிலில் அந்த விளக்கு தங்களுக்கும் சரியாகத் தெரிவதில்லை என்றார்கள். விளக்குகளுக்கு மேலே நீளமான தகர மறைப்பு வைத்தார்கள். அது வரும்வரை முதல் பஸ் நேரத்துக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள்.

மகள் வளர்ந்து, தெற்கே கடைசித் தீவில் கேம்பல் பே என்ற ஊரில் குடியேறிய ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அவளுக்குப் பையன் பிறந்தது என்று தந்தி வந்த அன்று லைனில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன். டாக்டர் சொன்னதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைக்கு நிறம் சொல்லும் வயசு வந்து அவள் அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை ஊருக்கு வந்திருந்தபோது சொன்னேன். அவள் மேல் உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டே வளர்ப்போம். அப்பா மாதிரி அவன் தனியா வெச்சுக்க வேண்டாம்" என்றாள்.

அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. என் கணவர் அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்தார். அவள் திரும்பிப் போகும் கப்பலில் பேரனோடு தானும் கூடப் போக இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.